நூற்று நாற்பத்தாறு நாள் தக்காளி

எனக்குத் தக்காளி பிடிக்கும். உலகத்திலேயே மரபணு மாற்றிய தக்காளியை அதிகம் தின்ற மனிதன் நான்தான். மூன்று வருஷத்தில் ஒன்பதாயிரம் பழம். உப்புத் தொட்டுத் தின்றதை மட்டும் சொல்கிறேன். அதன் பலனாக, என்னைக் கடித்த கொசுவை அடித்துப் போட்டால் ஆறு மாதம் கெடாமல் கிடக்கிறது. விசாரணை அதிகாரி ஐயா, பேனாவைக் கீழே வைக்க வேண்டாம். கொசுவை வேண்டுமானால் நீக்கிவிடுங்கள், மற்றது அப்படியே இருக்கட்டும்.

ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் பழத்துக்கு அடையாளச் சீட்டு கட்டினேன். உத்தியோகத்தின் பெயர் ஒன்றரை வரி நீளம், வேலை இவ்வளவுதான். பசுமைக்குடிலில் இரண்டு வரிசைத் தக்காளிச் செடி. மரபணு மாற்றியதற்கு மஞ்சள் சீட்டு, சாதாரணத்துக்கு வெள்ளை. பழத்தைப் பறித்து, எடை போட்டு, காம்பில் சீட்டைக் கட்டி அலமாரியில் அடுக்குவேன். எது எத்தனையாம் நாள் அழுகுகிறது என்று டாக்டரம்மா குறித்துக்கொள்வார். பிறகு எல்லாவற்றையும் நீராவியில் கூழாக்கிக் குழியில் கொட்டவேண்டும். ஒரு பழம்கூட வாசலைத் தாண்டக் கூடாது.

டாக்டரம்மா எங்கள் விஞ்ஞானி. சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பழம் அழுகிப்போகிறதே என்று கவலைப்பட்டு, அழுகாமல் தாங்கும் தக்காளி ஒன்றை உண்டாக்கப் பதினோரு வருஷம் பாடுபட்டவர். அடையாளத்துக்காக இன்னொரு மரபணுவையும் அதில் சேர்த்திருந்தார். நீல விளக்கை அடித்தால் பச்சையாக மின்னும். நாற்றாக இருக்கும்போதே விளக்கடித்துப் பார்த்துவிடுவார்கள். பழத்துக்கு யாரும் அடிப்பதில்லை, அதில்தான் சீட்டு இருக்கிறதே. விஞ்ஞானிகள் சூரியன் உதித்ததையே சந்தேகப்படுவார்கள், ஆனால் சீட்டைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதலில் குழிக்குப் போவதில்தான் ஒன்று எடுத்தேன். நல்ல பொருள் மண்ணுக்குப் போகிறதே என்ற வருத்தம். அந்த ருசியைப் பற்றி நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். என் இரண்டு காதும் தானாக ஆடின, அவ்வளவுதான்.

பிறகு, அன்றன்று பறித்தது இன்னும் ருசி என்று தெரிந்துபோயிற்று. ஆனால் அலமாரி காலியாக இருந்தால் டாக்டரம்மாவின் மனசு நோகுமே. அதனால் காலையில் டிபன் பாக்ஸ் நிறையக் கடைத் தக்காளி கொண்டுபோவேன். மஞ்சள் சீட்டை அவிழ்த்துக் கடைப் பழத்தில் கட்டுவேன். மாலையில் நிஜப் பழத்தை டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவருவேன்.

வாசலில் காவலாளி இரண்டு வேளையும் திறந்து பார்ப்பார். காலையில் தக்காளி, மாலையிலும் தக்காளி.

"என்னண்ணே, இன்னிக்கும் கொண்டுவந்ததைத் தொடலையா?"

"பசி இல்லப்பா."

"மூணு வருஷமாவாண்ணே பசி இல்ல? உடம்பைக் காட்டுங்கண்ணே."

நல்ல மனிதர். ஒருநாள் எனக்காக ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கச் சீட்டே வாங்கி வைத்திருந்தார்.

இதற்கிடையே பழங்களின் கணக்கு டாக்டரம்மாவை வாட்டியது. மஞ்சள் சீட்டுப் பழம் எட்டாம் நாளே அழுகியது. அடுத்த பருவத்தில் ஏழாம் நாள். அவர் மண்ணை மாற்றினார், தண்ணீரை மாற்றினார், அலமாரியை மாற்றினார், கடைசியில் மூக்குக்கண்ணாடியை மாற்றினார். நான் கடையை மட்டும் மாற்றினேன். கொஞ்சம் நல்ல பழமாக வாங்கிப் போட்டால் அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்றுதான். அவர் தலை நரைத்தது வயதினால். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

இனி என் மச்சான். என் மனைவிக்கு அண்ணன், தையல்காரர். மரபணு மாற்றுப் பயிரை எதிர்க்கும் விதைக் காவல் குழுவுக்குத் தலைவர். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வந்தவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. தட்டு நிறைய நறுக்கி வைப்பேன்.

"இதுதான் மாப்ள இயற்கை. இதுல அந்தம்மா போய் என்னத்தைக் கைவைக்கணும்?" என்பார், சாறு முழங்கையில் வழிய.

"தோட்டத்துப் பழம் மச்சான்" என்பேன். பொய் இல்லை. எந்தத் தோட்டம் என்று அவர் கேட்டதில்லை.

கண்காட்சி வைக்க ஒரு இயற்கைப் பழமும் ஒரு மாற்றின பழமும் வேண்டும் என்றார். இதையும் எப்படி மறுப்பது? வீட்டிலிருந்த பழம் ஒன்று, மஞ்சள் சீட்டுடன் நிலையத்துப் பழம் ஒன்று கொடுத்தேன். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தன் தையல்கடையில் வைத்தார். மஞ்சள் சீட்டு ஒன்பதாம் நாள் கூழாயிற்று. 'இயற்கை' கல்லுக்குண்டுபோல நின்றது.

அடுத்த மாதம் நகர மன்றத்தில் விவாதம். மேடையில் டாக்டரம்மா ஒரு பக்கம், மச்சான் மறுபக்கம்.

"விதை எங்க கையில இருக்குமா, இல்ல வருஷா வருஷம் உங்ககிட்ட கையேந்தணுமா?" என்று கேட்டார் மச்சான். நியாயமான கேள்வி. டாக்டரம்மாவே தலையாட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதை ஒரு மனுஷனாவது தின்னு பாத்திருக்கானா? சொல்லுங்க" என்றும் கேட்டார். அன்று மதியம்தான் ஏழு பழம் தின்றிருந்தார். கேட்டு முடித்ததும் ஏப்பமும் விட்டார்.

பிறகு இரண்டு ஜாடியையும் தூக்கிக் காட்டினார். மன்றம் கைதட்டி அதிர்ந்தது. டாக்டரம்மா இயற்கை ஜாடியையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நாலாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்கு மூன்று இறக்கை.

ஓய்வும் பெற்றேன். போன திங்கட்கிழமை, மூன்று பருவமும் தோல்வி, வெள்ளிக்கிழமையோடு ஆராய்ச்சிக்குப் பூட்டு என்று கேள்விப்பட்டேன். டாக்டரம்மா தன் மேஜையைக் காலி செய்கிறார் என்றார்கள். உடனே உங்களிடம் வந்துவிட்டேன். அந்தத் தக்காளி இனிமேல் கிடைக்காதே என்பதற்காக அல்ல. அறிவியலுக்காக.

டாக்டரம்மா உடனே நம்பினார். காவலாளியும் நம்பினார், 'அப்ப நல்லாத்தான் சாப்பிட்டிருக்கீங்க' என்று நிம்மதியானார். நம்பாதவர் மச்சான் ஒருவர்தான். இன்று காலை அவர் கடையில் நீங்களும் இருந்தீர்கள். இருந்தாலும் வாக்குமூலம் முழுசாக இருக்கட்டும்.

"இவன் பேச்சையா கேக்கறீங்க? பூசணிக்காய்க்குள்ள குடியிருந்தேன்னு சொன்னவன் சார்" என்றார்.

குடியிருக்கவில்லை. மழைக்கு ஒதுங்கினேன்.

டாக்டரம்மா கடைக் கதவைச் சாத்தி ஜாடிமேல் நீல விளக்கை அடித்தார். தக்காளி பூனைக்கண்போலப் பச்சையாக மின்னியது.

"விளக்கு உங்களுது. எதுல அடிச்சாலும் மின்னும்" என்றார் மச்சான்.

இஸ்திரிப்பெட்டியில் அடித்தார்கள், நூல்கண்டில் அடித்தார்கள், என் வழுக்கையில் அடித்தார்கள். எதுவும் மின்னவில்லை. ஒன்பதாயிரம் தின்றவன் என்ற முறையில், வழுக்கை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அப்போதுதான் ஜாடிக்கு அடியில் இருந்த நோட்டை டாக்டரம்மா எடுத்தார். வாரந்தவறாமல் மச்சான் தக்காளியின் சுற்றளவை இஞ்ச் டேப்பால் எடுத்து எழுதியிருந்தார். தையல்காரர் அல்லவா. ஒவ்வொரு வரிக்கும் கீழே, 'சுருக்கம் இல்லை. இயற்கை வாழ்க.'

"ஐயா, பதினோரு வருஷத்துல எனக்கு மிஞ்சின ஒரே அளவு இதுதான்" என்றார் டாக்டரம்மா. "நீங்க கையெழுத்துப் போட்டா மறுபடி நட விடுவாங்க. போடலேன்னா நாளைக்குப் பூட்டிடுவாங்க. கட்டாயம் இல்லை. கிழிச்சுப் போட்டாலும் நான் கேக்க மாட்டேன்."

மச்சான் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது கத்தரிக்கோல் அவர் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். ஜாடியைத் திறந்து தக்காளியைச் சுற்றிப் பிடித்தார். இரண்டு தடவை பிடித்தார்.

"எட்டேகால். முத நாளும் எட்டேகால்." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டாக்டரம்மா, விதை யார் கையிலங்கற கேள்வியை நான் விடப்போறதில்ல."

"விடாதீங்க" என்றார் அவர்.

மச்சான் பேனாவை வாங்கி, ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் கையெழுத்துப் போட்டார். இயற்கை வாழ்க என்பதை அடிக்கவில்லை. கடைசியில் உங்கள் பக்கம் திரும்பினார்.

"நூத்தி நாப்பத்தாறு நாள் சார். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானும் தின்னிருக்கேன். இந்தப் படுபாவி சொன்னது அத்தனையும் நடந்திருக்கு, எழுதிக்கங்க."