சின்னப்பர் மலைப் பாதிப் பன்னு

கரண்ட்டு போயிடுச்சா? நல்லதாப் போச்சு. கிட்ட வாங்கடி. நடுவுல எவளாச்சும் சிரிச்சீங்க, எழுந்து போயிடுவேன்.

இது என் சிநேகிதி மோனிகாவோட அக்கா ரஞ்சனிக்கு நடந்தது. சாயந்திரம் ஆறு மணி... அனந்தபுரம் ரோட்டுலருந்து பிரியுற மண்ணு ரோடு... ஆளு அரவமே இல்ல. ரஞ்சனியும் அவ ஓரகத்தி கலைச்செல்வியும் வனத்து சின்னப்பர் மலை ஏறுறாங்க.

காட்டுல ஒத்தையா தவம் இருந்த சாமி அவரு. தெனம் ஒரு காக்கா பாதி ரொட்டி கொண்டாந்து குடுக்குமாம். அதனால புள்ள வேணும்னு வர்றவங்க பாறை மேல பன்னு வைப்பாங்க. காக்கா பாதி தின்னா, மீதிய வெச்சவளே தின்னணும். வேற யாரும் தொடக்கூடாது.

ரெண்டு பேரும் வெச்சாங்க. காக்கா வந்துச்சு... ரஞ்சனி பன்னை ஏறெடுத்தும் பாக்கல. கலைச்செல்வி பன்னைத்தான் டொக்கு டொக்குனு கொத்தி, சரியா பாதி தின்னுட்டுப் பறந்துடுச்சு.

ரஞ்சனிக்கு வயிறு பத்திக்கிச்சு. பின்ன எரியாதா? இவ எட்டு வருஷமா மலடின்னு பேச்சு வாங்குறா. அவ நேத்து வந்தவ! எனக்கா இருந்தா எனக்கும் எரியும்டி. கலைச்செல்வி மெழுகுவத்தி ஏத்த சர்ச்சு உள்ள போனா. இவ அந்தப் பாதிய எடுத்து லபக்குனு வாயில அடைச்சிக்கிட்டா.

"இன்னாக்கா, என் பன்னைக் காணோம்?"

"காக்காவே மீதியையும் தூக்கினு போயிடுச்சுடி."

பாவம், அவ வழியெல்லாம் அழுதுகினே வந்தா. ரஞ்சனிக்குப் பின்னாடி றெக்கை சத்தம்... படபட... படபட... திரும்பினா ஒண்ணும் இல்ல. மெழுகு வாசனை மட்டும் கூடவே வருது.

அடுத்த மாசமே ரஞ்சனி முழுகாம இருந்தா. பையன் பொறந்தான். ஆனா ஒரு பக்கம்தான் பால் குடிப்பான். மறுபக்கம் மாத்துனா வாய இறுக்கி மூடிக்கிட்டு வீல்வீல்னு கத்துவான். டாக்டருக்கும் ஒண்ணும் புரியல. புள்ள வத்திக்கினே போச்சு.

ஒரு ராத்திரி அந்தக் கத்தல் சட்டுனு நின்னுச்சு.

ரஞ்சனி முழிச்சா. ஒரே வீடுதான், கலைச்செல்வி படுக்குற பக்கத்து ரூம்புல... சப்பு... சப்புனு சத்தம். எட்டிப் பாத்தா, கலைச்செல்வி மடியில ஒரு புள்ள. பெறாதவடி அவ! ஜாக்கெட்டு நனைஞ்சு, ரூம்பு பூரா பச்சப் பால் வாசனை.

"நான் தூக்கினு வரலக்கா... முழிச்சா மடியில இருக்கான்..."

அப்பவும் இவளுக்கு பயம் வரல, பொறாமைதான் வந்துச்சு. அது என் புள்ளையே இல்ல, என் புள்ள தொட்டில்ல தூங்குதுன்னு திரும்பி ஓடியாந்தா. இருட்டுல தொட்டிலுக்குள்ள கைய விட்டா... மெத்துனு... கதகதன்னு சூடா இருந்துச்சு. அப்பாடான்னு வாரி எடுத்தா.

பாதி பன்னு.