கப்பல் காசின் ஓரம்

செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. இது தெரியாமல் நல்ல மனசுக்காரர்கள் எத்தனையோ பேர் அநியாயம் செய்கிறார்கள். பழைய செம்பில் இருக்கும் கருப்பு அழுக்கல்ல, அதன் தோல். உரித்துவிட்டால் திரும்ப வராது. நீங்கள் எழுதிக்கொள்ளும் விஷயத்துக்கு இதுதான் ஆரம்பம் என்பதால் சொல்கிறேன், சார்.

எங்கள் நாணயச் சங்கத்தில் நான்தான் தரம் பார்ப்பவள். கூட்டத்தில் ஆண்கள் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்துவிட்டு, பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் மாதிரி என் முகத்தையே பார்ப்பார்கள். ‘பூதக்கண்ணாடி’ என்று எனக்குப் பட்டப்பெயர். எங்களிடம் நான்கே தரம்: மிக நன்று, நன்று, சுமார், தேறாது. நான் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. ஒருமுறை ஒரு தையல்காரர், பெட்டியில் பூட்டி வைத்திருந்த காசைக் கொண்டுவந்தார். ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு. அச்சில் அடித்த காசுக்கு அப்படி விழாது. இரண்டு பாதி அச்சைச் சேர்த்து, உலோகத்தை உருக்கி ஊற்றிய போலிக்குத்தான் விழும். “இது காசு இல்லண்ணே, சட்டை பட்டன். உங்க தொழிலுக்கு ஆகும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. தரம் என்று வந்துவிட்டால் தாட்சண்யம் பார்க்க முடியாது.

சங்கத்தில் எனக்கு அந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தது என் கப்பல் காசு. ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் ஏதோ ஒரு ராஜாவின் தேய்ந்த மூக்கு. வேறு யாரிடமும் அது கிடையாது. கல்யாணமான புதிதில் பழைய சாமான் கடைக் குவியலில் கண்டெடுத்தேன். கருகருவென்று, ஓரமெல்லாம் களிம்பு ஏறி, அவ்வளவு அழகு. நானே தரம் பார்த்தேன். மிக நன்று.

என் கணவர் நல்லவர். குறையாகச் சொல்லவில்லை. பம்ப்செட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், கை சும்மா இருக்காது. குழாய், தாழ்ப்பாள், அடுப்புக் குமிழ் என்று எதையாவது தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டே இருப்பார். அவர் தலை வழுக்கையானதும் அந்தப் பழக்கத்தால்தான் என்பாள் என் நாத்தனார். கண்புரை ஆபரேஷனுக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, திரும்பி வந்ததும் நான் சந்தோஷப்பட வேண்டும் என்று, கப்பல் காசைப் புளியில் ஊறப்போட்டுவிட்டார்.

கண் கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு என் உள்ளங்கையில் வைத்தார். கடையில் வாங்கிய புதுச் செம்பு மாதிரி மின்னியது. நான் கோபப்படவில்லை. “நல்லா இருக்குங்க” என்று சொல்லி, திருப்பிக்கூடப் பார்க்காமல் டப்பாவில் போட்டு மூடினேன். கோபப்படவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

சில நாள் கழித்து, ஃபேன் இறக்கையைத் துடைக்க மேஜைமேல் ஸ்டூல் போட்டு ஏறினார். எப்போதும்போல் நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மேலே இருந்தபடி பேச்சுக் கொடுத்தார்.

“ஏம்மா, உன் கப்பல் காசு ஓரத்துல சுத்தியும் ஒரு கோடு ஓடுதே, அது என்னது?”

“கீறலா இருக்கும்.”

“கீறல் இல்லம்மா, தேய்ச்ச எனக்குத் தெரியாதா? பம்ப் மூடி வார்த்தா இப்படித்தான் கோடு விழும். ஞாயித்துக்கிழமை உங்க சங்கத்து செகரட்டரிகிட்ட காட்டிக் கேக்கறேன். நீ கண்ணுக்குச் சிரமம் குடுக்காத.”

கடைசிவரை என் கண்ணைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

ஸ்டூல் வழுக்கியது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். ஸ்டூல்கள் தாமாக வழுக்குவது அபூர்வம். இழுத்தேன். விழுந்த வழியில் மேஜை விளிம்பு இருந்தது. “பக்கத்து வீட்டுத் தம்பியக் கூப்பிடும்மா” என்றார், தெளிவாகவே. பழக்கதோஷம், அவரையும் தரம் பார்த்தேன். முன்பக்கத் தேய்மானம் வயதுக்கு ஏற்ற அளவு, ஓரத்தில் நசுங்கல், பின்பக்கம் விரிசல். சுமார் போடலாம். உடனே ஆளைக் கூப்பிட்டிருந்தால் நன்று வரைக்கும் வந்திருப்பார். நான் டீ போட்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, தேறாது.

அப்புறம்தான் தம்பியைக் கூப்பிட்டேன். அழுதேன், அழுகை பொய்யில்லை. நான் நிதானமாக டீ குடித்ததை அவன் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருப்பான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவன் உங்களிடம் சொன்னதில் தப்பில்லை.

“ஒரு செல்லாக்காசுக்காகவாம்மா மனுஷனக் கொன்னீங்க?” என்று கேட்டீர்கள். நாங்கள் சேர்ப்பதெல்லாம் செல்லாக்காசுதான் சார், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் காரணத்தைச் சரியாக எழுதுங்கள். கிடைப்பதற்கரிய காசை அவர் தேய்த்துப் பாழாக்கினார், அந்த ஆத்திரத்தில் செய்தேன். ஆத்திரம் என்றால் ஊருக்குப் புரியும். கோபப்படவில்லை என்று முன்னால் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள்.

அன்றைக்கு டப்பாவிலிருந்து எடுத்து என் கைக்குள் வைத்திருந்த கப்பல் காசு இப்போது உங்கள் சாட்சிப் பையில் இருக்கிறது. அதைப் பார்க்க எங்கள் செகரட்டரியை வரச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் எதற்கு, பாவம், அவருக்கு என்ன தெரியும்? நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. அசல், தேய்ப்பதற்கு முன் மிக நன்று என்று எழுதுங்கள். கொலைக்குப் போடும் கையெழுத்துக்குக் கீழேயே அதற்கும் போட்டுத் தருகிறேன். பையைப் பிரிக்க வேண்டாம்.