எஞ்சின் விளக்கும் தாய்மாமன் மடியும்

எல்.இ.டி. பல்புக்கு இரண்டு கால்கள். நீளமான கால் ப்ளஸ், குட்டைக் கால் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் எரியாது, அவ்வளவுதான். பெரிய சேதம் எதுவும் ஆகிவிடாது. மனிதர்களும் இப்படி இருந்துவிட்டால் திருக்காட்டுப்பள்ளியில் பாதிச் சண்டை இருக்காது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

என் பெயர் இளஞ்செழியன். கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் மோட்டார் புகைந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். குறுவை நேரத்தில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அப்படிப்பட்டவன் ஒரு பொம்மை ரயில் எஞ்சினுக்கு விளக்கு போட்டுக் கொடுத்ததைக் குற்றம் என்று சொந்தபந்தமெல்லாம் பேசுகிறது. தங்கை வீட்டுக்காரர் அரவிந்தன் எஞ்சினின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு வசனம். நீங்கள் வெளியாள். நிதானமாகக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் வைத்தியலிங்கம் அண்ணன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறார். அங்கே என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. அடுத்தது நான். கடைசி குந்தவை. பூதலூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் மகள் ஆதிரைக்கு மூன்று வயது. ரயில் வருகிற சத்தம் கேட்டால் வாயில் இருக்கும் சோற்றை விழுங்காமல் வாசலுக்கு ஓடுகிற குழந்தை.

ஆதிரைக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதான் எல்லாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாமன் மணையில் உட்கார்ந்த பிறகுதான் பத்தர் ஊசியையே வெளியே எடுப்பார். இரண்டு மாமன்கள் இருந்தால் மூத்தவர் மடி. சின்ன மாமன் தேங்காய்ப்பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம். போட்டோவில் அவன் தோள்பட்டை விழும்.

எனக்கு அந்த மடி வேண்டியிருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். குந்தவைக்கு வலி எடுத்த அன்று தஞ்சாவூருக்குக் கார் ஓட்டியவன் நான். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் போன் எனக்குத்தான் வரும். அண்ணனுக்குப் போவதெல்லாம் குழந்தை கேக் வெட்டுகிற வீடியோ. தடுப்பூசி போட்ட இடத்துக்கு நான் ஒத்தடம் கொடுப்பேன், அவர் அங்கிருந்து இதயம் அனுப்புவார். இப்படி இருக்க, மடி மட்டும் அவருடையது என்றால் வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரியவில்லை. நியாயமாக யோசித்தேன், அவ்வளவுதான்.

அண்ணனும் ராஜாத்தி அண்ணியும் விசேஷத்துக்கு முன்னாலேயே வந்து குந்தவை வீட்டில் தங்கினார்கள். வரும்போது அண்ணன் ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்தார். பொம்மை என்று சொல்வது தப்பு. நீல எஞ்சின், கைப்பிடிக் கம்பி, ஓட்டுநர் ஜன்னல், அடியில் நிஜம் போலச் சக்கரம். தண்டவாளத்தைக் கூடத்தில் வட்டமாகப் பூட்டி ஓடவிட்டார். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். ஆதிரை மட்டும் குப்புறப் படுத்து எஞ்சினின் முகத்தையே பார்த்தாள்.

“இது தூங்குது. லைட்டே எரியலை” என்றாள்.

முன்பக்கம் விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் கண்ணாடிதான் இருந்தது. அண்ணனின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. அதனால்தான் நானாகவே முன்வந்தேன்.

“குடுங்கண்ணே, நான் லைட்டு போட்டுத் தர்றேன்.”

“உன்னால முடியுமாடா? சின்ன ஐட்டம், ஒடைஞ்சிடப் போவுது” என்றார்.

உன்னால முடியுமாடா என்றார். பரவாயில்லை.

கடையில் வைத்து எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினேன். கண்ணாடிக்குப் பின்னால் மிளகளவு எல்.இ.டி. ஒன்று, அதற்கு ஒரு ரெசிஸ்டர், பின்பக்கம் கைக்கடிகாரத்துக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிய பொத்தான் பேட்டரி. பேட்டரி எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு ஸ்விட்ச் தேவை. எந்தப் பொறுப்பான ஆளும் இதைச் செய்வான்.

மாடித் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்பதற்கு ஒரு சாதனம் பொருத்துவோம். அதில் ரீட் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கும். சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகிப்போனால் பிரிந்துகொள்ளும். கடையில் அது நிறையக் கிடந்தது. அதையே எஞ்சினுக்குள் வைத்தேன். காந்தத்துக்கு ஒரு இடம் வேண்டுமே. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வலுவான சில்லு ஒன்றை என் மோதிரத்தின் உள்ளங்கைப் பக்கம் ஒட்டிக்கொண்டேன். தொலைந்துபோகாமல் இருக்கும் அல்லவா.

மறுநாள் கூடத்தில் ரயிலை ஓடவிட்டார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் குந்தவையைத் தாண்டியது, அண்ணியைத் தாண்டியது, அண்ணனைத் தாண்டியது, இருட்டாகவே வந்தது. தண்டவாளத்தின் ஓரம் கையை வைத்து உட்கார்ந்திருந்த என்னிடம் வந்ததும் பளிச்சென்று எரிந்தது. தாண்டிப்போனதும் அணைந்தது.

ஆதிரை கைகொட்டிக் குதித்தாள். “சின்ன மாமாவைப் பார்த்துக் கண்ணு முழிக்குது.”

“ஆமாண்டா கண்ணு. தெரிஞ்சவங்களைப் பார்த்தாத்தான் முழிக்கும்” என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை.

அண்ணன் எஞ்சினைக் கையில் எடுத்துப் பார்த்தார். தட்டினார். துண்டால் துடைத்தார். எரியவில்லை. என்னிடம் கொடுத்தார், எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அன்றைக்கெல்லாம் குழந்தை எஞ்சினை ஒவ்வொருவர் கையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து பெருமூச்சு விட்டு உட்கார்ந்தாள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என் மனைவி பூர்ணிமாதான் வீட்டுக்கு வந்ததும், “என்னங்க, உங்க கையில ஊக்கு ஒட்டிக்கிட்டிருக்கு?” என்று கேட்டாள். வேர்வை என்றேன்.

இரண்டொரு நாள் கழித்து ஆதிரை என் காதருகே வந்து ரகசியமாகக் கேட்டாள், “பெரிய மாமா கெட்டவங்களா?”

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லை என்றும் சொல்லவில்லை. “எஞ்சினைக் கேளு” என்றேன். குழந்தைகள் தாமாக யோசித்து முடிவெடுக்கப் பழக வேண்டும்.

அதற்குப் பிறகு அண்ணன் சாக்லேட்டோடு கூப்பிட்டால்கூட அவள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அண்ணன் தினமும் காலையில் எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். எரியாத எஞ்சினைப் பார்த்து அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்ததாகக் குந்தவை சொன்னாள். அதற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

குந்தவையின் மாமியார் கமலாம்பாளுக்குக் கைராசியில் நம்பிக்கை அதிகம். அவர்கள் வயலில் நாற்றங்காலுக்கு முதல் பிடி விதை யார் கையால் விழ வேண்டும் என்பதை அந்த அம்மாள்தான் சொல்வார். கைராசி இல்லாதவர் விதைத்தால் முளைப்பு சரியாக வராது என்பது அவர் கணக்கு. இந்த எஞ்சின் விஷயத்தை அவர் சும்மா விடுவாரா? காதுகுத்துக்கு முதல் நாள், கூடத்தில் எல்லோரும் பூ கட்டிக்கொண்டிருந்தபோது அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

“சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க தம்பி. எல்லாத்துக்கும் கைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு வெளக்கே எரிய மாட்டேங்குது. அந்த மடியில புள்ளைய வெச்சுக் காது குத்துனா எனக்கு மனசு ஒப்பலை.”

ராஜாத்தி அண்ணி கட்டிக்கொண்டிருந்த சரத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். ஏதாவது வேலை இருந்திருக்கும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. கல்யாணமாகி நெடுங்காலம் ஆகிறது, பார்க்காத டாக்டர் இல்லை. எனக்கு இரண்டு பேர், தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். இந்த விஷயத்துக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தம் இல்லை என்பதால்தான் முதலில் சொல்லவில்லை. கமலாம்பாள் அதையும் இதையும் முடிச்சுப் போட்டால் நான் என்ன செய்வது? அங்கேயே மோதிரத்தைக் கழற்றிக் காட்டியிருக்கலாமே என்று குந்தவை இப்போது கேட்கிறாள். காட்டியிருக்கலாம். ஆனால் மறுநாள்தான் காதுகுத்து. அந்த நேரத்தில் எதற்கு வீண் குழப்பம் என்று இருந்துவிட்டேன்.

காதுகுத்து பூதலூரிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. அண்ணன் பட்டு வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஆதிரையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அவள் எஞ்சினை விடாமல் பிடித்திருந்தாள். அதை அண்ணன் கையில் திணித்துப் பார்த்தாள். இருட்டு. உதடு பிதுங்கியது. நெளிந்தாள், நழுவினாள், “சின்ன மாமா” என்று வீறிட்டாள். பின்னாலிருந்து கமலாம்பாள், “நான்தான் நேத்தே சொன்னேனே” என்றார்.

நான் தேங்காய்ப்பழத் தட்டோடு பணிவாகத்தான் நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு எஞ்சினை வாங்கினேன். எரிந்தது. அண்ணன் விளக்கைப் பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துகொண்டார்.

“நீயே உக்காருடா. புள்ள அழக் கூடாது.”

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. ஆதிரை என் மடியில் சாய்ந்துகொண்டாள். அவள் கண்ணுக்கு நேரே எஞ்சினைப் பிடித்தேன், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போட்டோக்காரர் என் முழு உருவத்தையும் எடுத்தார். பத்தர் இடது காதில் குத்தினார்.

நான் யோசிக்காமல் விட்ட இடம் இது ஒன்றுதான். காது குத்தினால் வலிக்கும்.

குழந்தை போட்ட கத்தலில் நாதஸ்வரமே நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தாள், எதிரே எரிகிற விளக்கு. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எஞ்சினைத் தட்டிவிட்டு, என் வயிற்றில் உதைத்து இறங்கி, ஒற்றைக் காதில் தோட்டோடு ஓடினாள். ஓடிப்போய் ஏறிக்கொண்டது அண்ணன் இடுப்பில். கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. வேறு வழியில்லாமல் அவரையே மறுபடி மணையில் உட்கார வைத்து வலது காதைக் குத்தினார்கள். அதற்கும் அழுதாள். ஆனால் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். கமலாம்பாள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு விளக்கு எரிந்தாலே ஆதிரை அலறுகிறாள். எரியாத எஞ்சினை அண்ணன் கையில் கொடுத்து, “தூங்கட்டும் பெரிய மாமா, எழுப்பாதீங்க” என்கிறாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள்.

அண்ணன் சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்று பெட்டியைக் காரில் ஏற்ற நான்தான் போனேன். டிக்கியை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார், “சால்டரிங் சுத்தமா இருக்குடா. ரீட் ஸ்விட்ச்தானே? கப்பல்ல கதவு சாத்தியிருக்கான்னு தெரிஞ்சிக்க நாங்க அதைத்தான் போடுறோம். நீ லைட்டு போட்டுக் கொண்டாந்த ரெண்டாம் நாளே தொறந்து பார்த்துட்டேன்.”

“ஏண்ணே சொல்லலை?”

“சொன்னா உன்னைத்தான் எல்லாரும் பேசுவாங்க. நான் ஊருக்குப் போயிடுவேன். நீ இங்கேயே இருக்கணும்ல. கேட்டிருந்தா மடியைக் குடுத்திருப்பேனேடா.” தோளில் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். கார் கேட்டைத் தாண்டும் வரை அங்கேயே நின்றேன். நெஞ்சை என்னமோ செய்தது. கோபமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, இதுதான் நடந்தது. ஸ்விட்ச் வைத்தது நான், காந்தம் ஒட்டியது நான், மூன்று வயதுக் குழந்தையை அவள் பெரிய மாமாவைக் கண்டு ஒளிய வைத்ததும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஒன்றை நடுநிலையோடு யோசிக்க வேண்டும். இவ்வளவும் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்காமல், ஊரே தன்னைக் கைராசி இல்லாதவன் என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு, எழுந்து இடம் விட்டிருக்கிறார். ஒரு குற்றத்தைத் தெரிந்தே மறைப்பவருக்கும் அதில் பங்கு உண்டு அல்லவா? முதலில் விசாரிக்க வேண்டியது அவரைத்தான்.