சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி

“கடைக்காரன் விலை கம்மியானத வாங்கச் சொல்றான் மச்சான். அதான் சந்தேகமா இருக்கு.”

தெப்ராவ் போகும் பஸ்ஸில் இது காதில் விழுந்ததும் என் போனை மடியில் வைத்துவிட்டேன். முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையோடு இரண்டு நண்பர்கள். சந்தேகப்பட்டவர் கேம் விளையாடப் பாகம் பாகமாக வாங்கிப் புதுக் கம்ப்யூட்டர் சேர்க்கிறார். சிவப்புப் பெட்டியில் வரும் மலிவான புரோசஸரா, நீலப் பெட்டியில் வரும் விலை கூடியதா என்பதுதான் பிரச்சினை.

“சிவப்பே எடு லா. கேமுக்கு அது போதும்.”

“போன மாசம் நீலந்தான் பெஸ்ட்டுன்னு என்கிட்ட சண்ட போட்ட?”

“அது அப்ப. போடுற காசுக்கு இதான் வொர்த்.”

“அதப் பொருத்துற மதர்போர்டு?”

“என்கிட்ட ஒண்ணு இருக்கு. சிவப்புக்கு மட்டுந்தான் பொருந்தும். உனக்குன்னா பாதி விலை.”

“உன் கம்ப்யூட்டர்ல இருக்கிறதா?”

நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“டேய், உன்னத்தான். அதக் கழட்டிக் குடுத்துட்டு நீ எதுல விளையாடுவ?”

“நீலம் வாங்கிட்டேன்.”

சந்தேகப்பட்டவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அலமாக்! அந்தக் கடைக்காரனப் போயி சந்தேகப்பட்டேன் பாரு.”