இறக்கிய பிறகு ஒரு கரண்டி ஒலிவ் எண்ணெய்

நெல்லும் தென்னையும் நீரும் நிறைந்த களுவாஞ்சிக்குடி மண்ணிலே, மாதர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, "பத்து நிமிசந்தான் புள்ள" என்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டிவிட்டு அமர்ந்திருக்கும் தலைவர் அழகரத்தினம் ஐயா அவர்களே! ஏறாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் என் உயிர்த்தோழி ஸைனம்பு அவர்களே! பெற்ற வயிறும் பிசைந்த கையுமாய்ப் பெருமையோடு வந்திருக்கும் தாய்மாரே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் தவிக்கும் தகப்பன்மாரே! அக்காமாரே, தங்கச்சிமாரே! வாவிக்காற்று வந்து வந்து தொட்டுப்போகும் இந்தக் காலைப் பொழுதிலே, கேதீஸ்வரியாகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, அன்றாடச் சமையலில் ஒலிவ் எண்ணெய். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தென்னந்தோட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு ஒலிவ் எண்ணெயைப் பற்றிப் பேச ஒருத்தி வந்தால் நானும் சிரித்திருப்பேன். தலைவர் ஐயாவின் முகத்தைப் பாருங்கள், தென்னைகளைத் தறிக்கச் சொல்லப் போகிறேனோ என்று கலங்கிப் போயிருக்கிறார். ஐயா, பயப்படாதீங்க. உங்கட ஒரு தேங்காயிலயும் நான் கை வைக்க மாட்டன்.

இந்த எண்ணெயைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி? படித்தேனா? பட்டம் பெற்றேனா? இல்லை, தாய்மாரே! பறித்தேன்! இந்தக் கைகளால் பறித்தேன்! ஜோர்தான் நாட்டிலே, மலைச்சரிவிலே, ஒலிவ மரங்கள் சூழ்ந்த ஒரு வீட்டிலே எட்டு ஆண்டுகள் வேலைக்கு நின்றவள் நான்.

அந்த மலையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? வெயில் தணிந்து மழை தொடங்கும் மாதத்தில் மரத்தடியில் பெரிய விரிப்பை விரிப்பார்கள். கிளையைக் கையால் உருவினால் காய்கள் பொலபொலவென்று கொட்டும். இலையின் மேற்பக்கம் பச்சை, கீழ்ப்பக்கம் வெள்ளி. காற்று வந்து புரட்டினால் மலை முழுவதும் வெள்ளி. அந்த வெள்ளியைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு நம்முடைய வாவி தெரியும். வாவியிலே தோணி தெரியும். தோணியிலே என் கணவர் ரதீஸ் தெரிவார். கரையிலே, மூன்று வயதில் நான் விட்டுவிட்டுப் போன என் மகள் கண்ணகை தெரிவாள். மலையில் நின்றேனா, வாவியில் நின்றேனா? மரத்தைத் தொட்டேனா, மகளைத் தொட்டேனா? எது கனவு, எது நனவு என்று பிரித்தறியாமலே எட்டு அறுவடை முடிந்தது.

நான் புறப்பட்ட நாளில் அந்த வீட்டு அம்மா ஒரு தகரம் நிறைய எண்ணெய் தந்தார். நான் பறித்த காயின் எண்ணெய். சேலைகளுக்குள் சுற்றி, சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்தேன். வாசலில் கண்ணகை நின்றாள். மூன்று வயதில் விட்டவள் பதினொரு வயதில் நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் போய்த் தன் மாமியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். மாமி என்றால் ரதீஸின் அக்கா, அடுத்த வீடு, எட்டு வருடமும் அவளை வளர்த்த புண்ணியவதி. பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். படத்திலும் போனிலும் கண்ட ஒரு முகத்தை எந்தப் பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடிக்கும்?

என்னைக் கூப்பிட "இஞ்ச" என்பாள், மற்றவர்களிடம் "அவங்க" என்பாள். அம்மா என்ற சொல் மட்டும் அவள் வாயில் வரவேயில்லை. வீடு வேண்டாம், நகை வேண்டாம், என் கையால் சமைத்ததை அவள் ஒரு வாய் தின்ன வேண்டும், என்னை ஒரு தரம் அம்மா என்று கூப்பிட வேண்டும். எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

சரி, சமைத்தேன்! எப்படிச் சமைத்தேன்? எடுத்தேன் தாச்சியை. ஊற்றினேன் ஒலிவ் எண்ணெயை. எரித்தேன் அடுப்பை. கடுகைப் போட்டேன், செத்தல் மிளகாயைப் போட்டேன், றம்பை இலையைப் போட்டேன், கறிவேப்பிலையைப் போட்டேன். அப்போதே புகை எழும்பிவிட்டது. வீடு நிறையப் புகை. அதை அப்படியே பருப்புக்கறியில் கொட்டினேன். கண்ணகை சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தாள். மணந்து பார்த்தாள். மூக்கைச் சுழித்தாள்.

"இது குழந்தைப்புள்ளைக்குப் பூசுற எண்ணெய். எனக்குத் தின்ன ஒண்ணா. நான் மாமி வீட்ட போறன்."

போயே போய்விட்டாள். பிள்ளை சொன்னதில் பிழை இருக்கிறதா? நம் வீடுகளில் ஒலிவ் எண்ணெய் இருக்கும் இடம் எது? அடுக்களையா? அலுமாரி! பிள்ளைப்பெத்த வீட்டில் சின்னப் போத்தலில் இருக்கும், குழந்தைக்குத் தடவ. அந்த எண்ணெயில் கறியைக் கண்டால் யார்தான் தின்னுவார்?

மறுநாள் ஸைனம்பு என்னைப் பார்க்க வந்தாள். ஜோர்தானில் அதே ஊரில், எனக்கு இரண்டு வீடு தள்ளி வேலைக்கு நின்றவள். மிஞ்சிய பருப்பில் ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அல்லாஹ்வே! என்னகா கேதீஸ் செஞ்சிருக்கா? எட்டு வருசமா அந்த மேசையில நிண்டவள்தானே நீ? அவங்க இத இப்பிடி நெருப்புல போட்டுப் பொசுக்கினதக் கண்டியா? இறக்கின மறுகா மேலால ஊத்தித்தானே தின்டாங்க! கறிக்குத் தேங்காய் முதற்பால் விடுற மாதிரி விடுகா!"

தலையில் அடித்துக்கொண்டேன். எட்டு ஆண்டுகள் கண்ணால் கண்டதைக் கை மறந்துவிட்டது. எண்ணெய் என்று கண்டால் நம் கை தாச்சிக்குத்தான் ஓடும், தாளிதத்துக்குத்தான் ஓடும். ஆகவே கேளுங்கள் தாய்மாரே! தாளிதத்துக்குத் தேங்காயெண்ணெய் இருக்கட்டும். ஒலிவ் எண்ணெயில் வெங்காயம் வதக்குவதென்றால் இளஞ்சூட்டில் வதக்குங்கள், புகைய விடாதீர்கள். பருப்பை இறக்கிய பிறகு ஒரு கரண்டி. முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளியோடு ஒரு கரண்டி. அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு கரண்டி. என்ன அக்கா? விலையா? ஓம், விலைதான். அதுக்குத்தானே கரண்டி எண்டு சொல்றன், போத்தல் எண்டு சொல்லல்ல!

ஆனால் நான் பொசுக்கியது எண்ணெயை மட்டுமா? எட்டு வருடப் பாசத்தை ஒரே நாளில் கொதிக்கவைக்கப் பார்த்தேனே! பிள்ளையை இழுத்து அணைத்தேன், அழுதேன், கெஞ்சினேன், கெஞ்சி முடியக் கோபித்தேன். அவள் விலகி விலகிப் போனாள். அன்றைக்கு நெருப்பைக் குறைத்தேன். அடுப்புக்கும் குறைத்தேன், எனக்கும் குறைத்தேன். தினமும் அவளுக்கென்று ஒரு கோப்பை சோறு மூடி வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவள் தொடவில்லை. இரண்டு பேரின் சாப்பாட்டையும் தின்று ரதீஸ் கொழுத்ததுதான் மிச்சம். அதோ தூணுக்குப் பின்னால் ஒளிகிறார், பாருங்கள்.

மார்கழி மழை வந்தது. வாவி கரைமுட்ட நிறைந்து, வானமும் தண்ணீரும் ஒரே நிறமாய்க் கிடந்த ஒரு பகல். மாமி கதிரவெளிக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். பள்ளியால் வந்த கண்ணகை நனைந்தபடியே அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன். அடுப்பிலிருந்து பருப்பை இறக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்த எண்ணெய் எப்பிடி மரத்தில வாற?" என்று கேட்டாள்.

சொன்னேன். விரிப்பைச் சொன்னேன், வெள்ளி இலையைச் சொன்னேன்.

"அங்க உள்ள புள்ளையள் மரத்தில ஏறுவாங்களா?"

"ஓம், ஏறுவாங்க."

"அவங்களப் பாத்தா நீங்க என்ன நினைப்பீங்க?"

"உன்ன நினைப்பன். ஒவ்வொரு வருசமும் ஒரு கிளையில கைய வச்சு, இப்ப எண்ட புள்ள இவ்வளவு வளந்திருப்பாள் எண்டு பாப்பன். அடுத்த வருசம் அதுக்கு மேல உள்ள கிளை."

"மறுகா?"

"மறுகா என்ன, காய் பறிப்பன்."

மழை பெய்துகொண்டேயிருந்தது. அவள் மெல்ல என் பக்கத்தில் வந்து நின்றாள். "கடைசிக் கிளை எவ்வளவு உயரம்?" என்றாள். நான் கையை நீட்டிக் காட்டினேன். என் கணக்குப் பிழைத்துவிட்டது, தாய்மாரே! பிள்ளை அந்தக் கையைவிட ஒரு சாண் உயரமாய் வளர்ந்து நின்றாள். அதைக் கண்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பிறகு தானே தகரத்தைச் சரித்தாள். ஒரு கரண்டி எடுத்தாள். பருப்புக்கு மேலே வட்டமாய் விட்டாள். சோற்றில் பிசைந்து ஒரு வாய் தின்றாள். மென்றாள்.

"அம்மா, உப்புக் கூடிட்டு."

கேட்டீர்களா? உப்புக் கூடிவிட்டதாம்! உலகத்தில் எத்தனை பேர் எத்தனை சமையலைப் புகழ்ந்திருப்பார்கள்! இந்தக் குறைக்கு ஈடாகுமா அந்தப் புகழெல்லாம்? கடல் கடந்து போய் வந்த பெண்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? நம் பிள்ளைகள் நம்மைக் குறை சொல்லட்டும், குரல் உயர்த்தட்டும், கோப்பையைத் தள்ளட்டும். ஆனால் நாம் அடுப்பைத் தணித்து வைத்துக் காத்திருப்போம். காத்திருப்போம் தாய்மாரே, அவர்கள் வரும்வரைக்கும் காத்திருப்போம்!

பத்து நிமிடம் என்று சொல்லி இருபது நிமிடம் பொறுத்த தலைவர் ஐயாவுக்கும், என் பிழையைத் திருத்திய ஸைனம்புவுக்கும், இவ்வளவு நேரமும் செவி தந்த உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. பக்கத்து மண்டபத்தில் பகல் சாப்பாடு ஆயத்தமாக இருக்கிறது. பருப்புக்கறி நானும் என் மகளும் சேர்ந்து ஆக்கியது. போய்ச் சாப்பிடுங்கள். உப்புக் கூடியிருந்தால் தயங்காமல் வந்து சொல்லுங்கள். அம்மா என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள், எத்தனை தரமென்றாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். வணக்கம்.