நாற்பத்தொரு பேர்

— எங்க குழு அறிக்கையில ஏழாம் பத்தியை எடுத்துடுங்கன்னு சொல்றீங்களே மந்திரி, அது என்ன தட்டச்சுப் பிழையா?

— மந்திரின்னு கூப்பிடாதீங்க மினாக்கா. காட்டுல ஒளிஞ்சிருந்த காலத்துல உங்க கையால கிழங்கு வாங்கித் தின்னவன் நான். அபிலியோன்னே கூப்பிடுங்க.

— அந்த அபிலியோ இதைக் கேட்டிருக்க மாட்டான்.

— விஷயம் என்னன்னா, நம்ம அரசாங்கம் வந்து ஒரு மாசம்தான் ஆகுது. நாளைக்கு நாடாளுமன்றச் சபையில வெளியுறவுக் கொள்கையை வைக்கிறேன். முதல் இடம் இந்தோனேசியாவுக்கு. எல்லைச் சந்தை, ஆசியான் கூட்டமைப்புல இடம், நம்ம பசங்களுக்கு அங்க படிப்பு. உங்க உறுப்பினர் குழு ஒத்துழைச்சாத்தான் ஓட்டு தேறும். நீங்கதானே தலைவி? ஏழாம் பத்தி இருந்தா, அடுத்த வாரம் அவங்க மந்திரி நம்ம தலைநகர் டிலிக்கு வரமாட்டார்.

— அப்படி இந்தோனேசியாவுக்கு என்னத்தைய்யா எழுதிட்டோம்? 'உங்க படை இங்க இருந்தப்போ எங்க புள்ளைங்களைக் கப்பல்ல ஏத்திட்டுப் போச்சு. நாற்பத்தொரு பேர் பட்டியல் இதோ. எங்க இருக்காங்க?' அவ்வளவுதானே?

— சபைப் பதிவுல ஏறிட்டா அது குற்றச்சாட்டு. நான் தனியா, காதோட காதா கேட்கிறேனே.

— இருபது வருஷமா எல்லா மந்திரியும் காதோட காதாத்தான் கேட்டாங்க. லோஸ்பாலோஸ் ஊர்ல ஒருத்தி இன்னும் மகனுக்கு ஒரு சோத்துத் தட்டு வைக்கிறா. அவகிட்டப் போய் எல்லைச் சந்தைன்னு சொல்லேன்.

— நிஜமாவே கேட்டேன்க்கா. பதினெட்டாவது பேருக்குப் பதில் வந்திருக்கு.

— பதினெட்டு... என் எலிசியோ.

— உயிரோட இருக்கான். இந்தோனேசியாவுல, மகாசார்ல வாத்தியார். பேர் இப்போ ருஸ்லான். ரெண்டு பொண்ணுங்க. உட்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க.

— பொண்ணுங்களா? சுருட்டை முடியா? எப்ப வர்றானாம்?

— அதை அப்புறம் பேசலாம்க்கா.

— சொல்லுடா.

— வரமாட்டானாம். 'என் அம்மாவே என்னைச் சிப்பாய் கையில குடுத்துட்டா. என்னைத் தேட வேண்டாம்'னு எழுதியிருக்கான். அழாதீங்க மினாக்கா. கதவு திறந்திருக்கு, ஆளுங்க பார்க்கிறாங்க.

— பார்க்கட்டும். பேனாவை எடு. பதினெட்டாவது பேரை அடி. மத்த நாற்பதும் அப்படியே நிற்கும். நாளைக்கு நானே எழுந்து வாசிப்பேன். ஓட்டு தேறுதோ இல்லையோ, அது உன் பாடு.

— உங்க பையன் பேரை ஏன்க்கா அடிக்கணும்? மூணு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும்? வளர்த்தவங்க சொல்லிக்குடுத்த பொய்யை நம்பிக்கிட்டு...

— பொய் இல்ல தம்பி. நாங்க மலையை விட்டு இறங்கி அவங்க படைகிட்டச் சரணடைஞ்ச வருஷம். புள்ளை உடம்புல எலும்புதான் மிச்சம். அந்தச் சிப்பாய் சட்டியில சோறு இருந்துச்சு. நான்தான் தூக்கிக் குடுத்தேன்.