பதினேழாம் நம்பர் ஊசி

என் பெயர் கலையரசி, வயது 43, கணவர் பெயர் செங்கல்வராயன். ஆம்பூர் ரெட்டித்தோப்பில் குடியிருந்துகொண்டு, ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்து வருகிறேன். எங்கள் பிரிவு சூப்பர்வைசர் சீனிவாசன் கொடுத்த புகாரில், நான் அவரைப் பதினொரு நிமிடம் உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டதாகவும், டிபன் பாக்ஸால் அடித்ததாகவும் சொல்லியிருக்கிறார். தாழ்ப்பாள் போட்டது நிஜம். அடித்தது பச்சைப் பொய்.

எங்கள் பிரிவில் நாற்பது பெண்கள். மதியம் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் என் போனைக் கூட வேலை செய்யும் ரஃபத் ஜஹானின் ஸ்பீக்கரில் இணைத்து, மிஷின்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து ஒலிப்புத்தகம் கேட்போம். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்தான். வீட்டில் போய் யாரும் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. இந்த முறை ஓடியது துப்பறியும் கதை. மலை ஊர் ஒன்றில், பூக்கண்காட்சிக்கு வந்த நடுவர் கொய்யா ஜாம் தின்று செத்துப்போக, ஓய்வு பெற்ற தபால்கார அம்மா ஒருத்தி துப்பறிகிறாள். ரத்தம் கிடையாது, அடிதடி கிடையாது, அத்தியாயத்துக்கு இரண்டு தடவை டீ குடிப்பார்கள். எனக்குப் பக்கத்து மிஷின் ஜெபகனி தினம் ஒருத்தரைக் கொலைகாரர் என்பாள், தினமும் தப்பாகும்.

எங்கள் வேலையில் ஊசி உடைந்தால் ஒரு முறை உண்டு. மிஷினை நிறுத்தி, உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்த மேஜையில் இருக்கும் சரக்கு முழுவதையும் சோதிக்க வேண்டும், அன்றைய டார்கெட் போய்விடும். சென்ற மாதம் 4ஆம் தேதி ஜெபகனியின் பதினேழாம் நம்பர் மிஷினில் ஊசி உடைந்து, முனை கிடைக்கவில்லை. அவள் சீனிவாசனிடம் போய்ச் சொன்னதை நான் காதால் கேட்டேன். அவர், "கையெழுத்துப் போட்டுட்டுப் போய் உக்காரு, நான் தேடிக்கறேன்" என்று சொல்லிப் புது ஊசி கொடுத்தார். ஜாஸ்தி பேசினால் கத்துவார் என்று அவளும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு 11ஆம் தேதி, பேக்கிங் பிரிவில் குழந்தை ஷூ ஒன்றுக்குள் ஊசி முனை அகப்பட்டது. ரெஜிஸ்டரைப் பார்த்தால் பதினேழாம் நம்பருக்கு எல்லாத் துண்டும் ஒட்டியிருந்தது. பதினேழாம் நம்பர்க்காரி பழைய ஊசித் துண்டை ஒட்டி ஏமாற்றிவிட்டாள் என்று சீனிவாசன் சொல்ல, அன்று சாயந்திரமே ஜெபகனியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். அதன் பிறகு மூன்று கம்பெனிக்குப் போனாள், மூன்றிலும், "குழந்த ஷூவுல ஊசி விட்டவ நீதானே" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

13ஆம் தேதி என் மிஷினில் ஊசி உடைந்தது. துண்டை ஒட்டப் போனவள் ரெஜிஸ்டரைப் பின்னால் புரட்டி ஜெபகனியின் பக்கத்தைப் பார்த்தேன். அவள் தைப்பது உள்ளே வைக்கும் லைனிங் துணி. அதற்கு ஊசி முனை உருண்டையாக இருக்கும். அங்கே ஒட்டியிருந்தது தோல் தைக்கிற ஊசியின் முனை, கத்தி மாதிரி பட்டையாக இருந்தது. எட்டு வருடம் மிஷினில் உட்கார்ந்தவள் ஏமாற்ற நினைத்தாலும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டாள். மிஷினில் ஒரு நாளும் உட்காராமல் பேக்கிங்கிலிருந்து நேராக சூப்பர்வைசர் ஆனவருக்குத்தான் வித்தியாசம் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றைக்கே மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஏசி ரூமில் பேசி மூடிவிடுவார்கள். ஜெபகனியை சீனிவாசன் நாற்பது பேர் முன்னால்தான் அழ வைத்து அனுப்பினார், எனவே நாற்பது பேர் முன்னால்தான் அவரும் உட்கார வேண்டும் என்று முடிவு பண்ணினேன். கொலைகாரன் யாரென்று சொல்லத் தபால்கார அம்மா எல்லாரையும் எப்போது ஓர் அறையில் கூட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள, பஸ்ஸில் தனியாகக் கதையைக் கடைசிவரை கேட்டேன். சட்டத்தை மீறியது அந்த ஒரு தடவைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இடம் வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் அவருக்கு வணக்கம் சார் என்றேன்.

22ஆம் தேதி மதியம் தபால்கார அம்மா எல்லாரையும் உட்காரச் சொன்னாள். நான் கதையை நிறுத்தினேன். ஏன் சத்தம் என்று கேட்டபடி வழக்கம்போல் சீனிவாசன் உள்ளே வந்தார். நான் பின்னாலேயே போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, "உக்காருங்க சார், யாருன்னு இப்போ தெரிஞ்சிடும்" என்றேன். அதன் பிறகு அவர் மேஜையிலிருந்த ரெஜிஸ்டரை எடுத்து எல்லாருக்கும் காட்டினேன். எல்லாரும் தையல்காரிகள், ஒரு பார்வை போதும். ரஃபத் ஜஹான் எழுந்து போய், அவர் புது ஊசி எடுத்துக் கொடுக்கும் மேஜை டிராயரை இழுத்தாள். அதிலிருந்த தீப்பெட்டியை வெள்ளைத் துணியில் கொட்டினோம், முப்பதுக்கு மேல் பழைய ஊசி முனைகள், தொலைந்த முனைக்குப் பதிலாக ஒட்டவென்றே சேர்த்து வைத்தவை.

அவர் வேர்த்துப்போய், "டார்கெட் போயிடுமேன்னுதான்மா ஒட்டினேன்" என்றார். யார் மிஷினுக்கு என்று கேட்டேன். "பதினேழாம் நம்பர்" என்றார். "நம்பருக்கு இன்னா சார் பேரு?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. எட்டு வருடம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தவள் பெயர் அவருக்குத் தெரியவில்லை. நான் அவசரப்படவில்லை. கடைசியில் ரெஜிஸ்டரில் கையெழுத்தைத் தேடி எழுத்துக் கூட்டி ஜெபகனி என்று படித்தார். அதன் பிறகு தாழ்ப்பாளை எடுத்தேன். பதினொரு நிமிடம் அதற்குத்தான் ஆனது. கதையில் குற்றவாளி தலையைக் குனிந்துகொண்டு போலீசோடு போவான். எங்கள் ஊரில் குற்றவாளியே போலீசுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். என் போன் உங்களிடம் இருப்பதால் ஜாமில் விஷம் வைத்தது யார் என்று முப்பத்தொன்பது பேர் என்னைப் பேஜார் பண்ணுகிறார்கள்.

இன்று காலை கம்பெனி அலுவலர் கிருபானந்தம் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, தீப்பெட்டியை நான்தான் டிராயரில் வைத்தேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் புகார் வாபஸ், ஜெபகனிக்கும் நாளையிலிருந்து வேலை என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தார். சீனிவாசன் அதே பிரிவில்தான் இருப்பாராம். என் ஆத்திரத்துக்கு அவள் பிள்ளைகள் ஏன் பட்டினி காய வேண்டும் என்று பேனாவை எடுத்துவிட்டேன். வெளியே பெஞ்சில் இருந்த ஜெபகனி உள்ளே வந்து, என்னிடம் கேட்காமலேயே தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ எழுதிக் குடுத்துட்டா அந்தாளு மூஞ்சில நான் எப்படிக்கா முழிக்கிறது? பேனாவ இப்படிக் குடு" என்றாள். மன்னிப்புக்கு வைத்த அந்தத் தாளிலேயே சீனிவாசன் மேல் புகார் எழுத ஆரம்பித்தாள். அடுத்த மேஜையில் இப்போது மூன்றாவது தாள் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

அவரை அடிக்காமல் விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை எழுத வேண்டாம் என்று, இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அம்மா நீங்கள் சொன்னீர்கள், அதையும் எழுதச் சொன்னேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, இதில் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

(ஒப்பம்)
செ. கலையரசி